பள்ளிக்கு வந்த பல் மருத்துவம்

யோங் பெங்கில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: பல் தாதிங்க பள்ளிக்கே வந்துடுவாங்க. அடுத்து யார் பெயரோன்னு வகுப்பே நடுங்கும்.

வலி வருவதற்கு முன்பே பிள்ளைகளின் பல்லைப் பார்க்க வேண்டும் என்று உழைத்த முன்னோடிகளில் ஒருவர் ஆல்ஃபிரெட் கான்டோரோவிச். 1880இல் போசனில் பிறந்தவர்; ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பேராசிரியர். பள்ளிப் பிள்ளைகளை முறைவைத்துப் பரிசோதித்து, சொத்தை சிறிதாக இருக்கும்போதே அடைக்க ஏற்பாடு செய்தார். கிராமங்களுக்கு நடமாடும் சிகிச்சையகம் போனது. ‘பான் முறை’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

ஆனால் அவர் யூதர். சமூக ஜனநாயகக் கட்சிக்காரரும்கூட. 1933இல் நாஜிகள் வேலையைப் பறித்து வதைமுகாமில் அடைத்தார்கள். துருக்கியின் அழைப்புதான் அவரை மீட்டது. இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவக் கல்வியைச் சீரமைத்தார்.

1950இல், துரத்திய ஊருக்கே மனுஷன் திரும்பினார், 1962இல் இறந்தார். இடைப்பட்ட வருஷங்களில் அவர் நடத்திய பாடமெல்லாம் இஸ்தான்புல் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இழந்தது பான்தான்.