மிஷன் பள்ளிக்கூடம் மூடின வருஷம்

நம்மில் பலருக்கும் மிஷன் பள்ளிக்கூடம்தான் முதல் பள்ளிக்கூடம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாசலுக்கு வெளியே உட்காரவைத்த காலத்தில், சேரிக்குள்ளேயே ஒரு ஓலைக் கொட்டகை போட்டு மணலில் 'அ' எழுதிக் காட்டியவர் உபதேசியார். அந்த நன்றி இன்னும் நமக்குள் கிடக்கிறது. அதனாலேயே மிஷனைப் பற்றிப் பேச வந்தால் ஒன்று புகழ்ந்து தள்ளுகிறோம், இல்லையென்றால் 'மதம் மாற்ற வந்தவன்தானே' என்று கேட்கிறவனுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோகிறோம். மிஷன்காரன் தன் பள்ளிக்கூடத்தைத் தானே இழுத்து மூடினால் அதை என்னவென்று சொல்வது? தென்னாப்பிரிக்காவில் 1955-இல் அது நடந்தது. மூடியது ஆங்கிலிக்கன் சபை. நாசரேத், சாயர்புரம் பக்கமெல்லாம் பள்ளிக்கூடம் கட்டிய அதே எஸ்.பி.ஜி. மிஷன் அங்கேயும் போயிருந்தது. ஆகவே இது நமக்கு ரொம்பத் தூரத்துக் கதை ஒன்றும் இல்லை.

ஜோகன்னஸ்பர்க் நகரத்தின் மேற்கே சோபியாடவுன் என்று ஒரு இடம். டோபியான்ஸ்கி என்கிற வெள்ளைக்காரன் நிலத்தை வாங்கி, மனைவி சோபியாவின் பேரை வைத்து, மனை போட்டு விற்கப் பார்த்தான். பக்கத்திலேயே நகரத்தின் கழிவு வந்து சேருகிற இடம். நாற்றம் பிடித்த இடத்தில் வெள்ளையர் ஏன் வாங்குவார்கள்? கறுப்பர்கள் வாங்கினார்கள். தென்னாப்பிரிக்க நகரங்களில் கறுப்பர்கள் சொந்தப் பத்திரத்தோடு மனை வைத்திருந்த மிகச் சில இடங்களில் இது ஒன்றாகிப்போனது. ஊருக்கு ஆகாத நிலம்தானே நமக்கும் எப்போதும் வந்து சேர்ந்திருக்கிறது. வெள்ளைக்காரர் குடியிருப்பு வளர்ந்து வளர்ந்து சோபியாடவுன் ஓரம்வரைக்கும் வந்து முட்டின பிறகு, அதே நிலம் கண்ணை உறுத்த ஆரம்பித்தது.

அங்கே கிறிஸ்து அரசர் ஆலயம். அதைச் சேர்ந்தது செயின்ட் சிப்ரியன் பள்ளி. காலையில் வந்து மாலையில் வீடு திரும்புகிற பிள்ளைகளுக்கான ஆரம்பப் பள்ளிக்கூடம். சிப்ரியன் யார் தெரியுமா? மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரத்து ஆயராக இருந்து 258-இல் தலை வெட்டப்பட்டுச் செத்தவர். ஆப்பிரிக்க மண்ணின் ஆயர். அந்தப் பேரையாவது தெரிந்து வைத்தார்களே என்று தோன்றும்.

மிஷன் பள்ளிகள் அங்கே நடந்த விதம் நமக்குப் பழக்கமானதுதான். வாத்தியார் சம்பளத்துக்கு அரசாங்க மானியம், நிர்வாகம் மிஷனுக்கு, கட்டடத்துக்கு மிஷன் பணமும் ஜனங்களின் காசும். வாத்தியார்கள் கறுப்பர்கள், மேலே உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பவர் வெள்ளைக்காரக் குருவானவர். 1953 வரைக்கும் கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஏறக்குறையப் பத்துக்கு ஒன்பது மிஷன் பள்ளிகள். வெள்ளைப் பிள்ளைக்குப் பள்ளி கட்டுவது அரசாங்கத்தின் கடமை, கறுப்புப் பிள்ளைக்கு அது கர்த்தருடைய கிருபை!

சோபியாடவுன் குருவானவர்கள் இங்கிலாந்தில் மிர்ஃபீல்ட் என்ற இடத்திலிருந்து வந்த துறவிகள். 'உயிர்த்தெழுதலின் சபை' என்று பேர். அவர்களில் ட்ரெவர் ஹடில்ஸ்டன் 1943-இல் வந்தார். டெஸ்மண்ட் டூட்டு சிறு பையனாக இருந்தபோது, சமையல் வேலை பார்த்த தன் தாய்க்கு வழியில் வந்த வெள்ளைக்காரக் குருவானவர் ஒருவர் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்ததைப் பிற்காலத்தில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்தக் குருவானவர் ஹடில்ஸ்டன்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்கப் பழக்கப்படுத்தப்பட்டவர்களுக்குத்தான் அந்தத் தொப்பியின் கனம் தெரியும்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1948-இல் ஆட்சியைப் பிடித்த தேசியக் கட்சி, 1949-இல் கறுப்பர் கல்வியை ஆராய ஒரு கமிஷன் போட்டது. தலைவர் ஐசலன். இவரே ஒரு ஜெர்மன் மிஷனரியின் மகன், மிஷன் வளாகத்தில் பிறந்தவர். இவர் 1951-இல் கொடுத்த அறிக்கையை வைத்து 1953-இல் பாண்டு கல்விச் சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் சுதேசிகள் இலாகா மந்திரி வெர்வூர்ட். படித்த மனுஷன், உளவியல் பேராசிரியராக இருந்தவர். பயன்படுத்த வழியில்லாத பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று கேட்டார். வெள்ளையர் சமூகத்தில் சில வகைக் கூலிவேலைக்கு மேலே கறுப்பருக்கு இடம் இல்லை என்று 1954 ஜூனில் செனட்டில் நின்று பேசினார். மிஷன் பள்ளிகள் இல்லாத மேய்ச்சல் நிலத்தைக் காட்டி ஆசை மூட்டுகின்றன என்பதுதான் அவருடைய பெரிய குற்றச்சாட்டு. மறைவு இல்லை, பூச்சு இல்லை. நம்ம ஊர் ஆட்கள் இதையே தர்மம், பரம்பரை ஞானம் என்று சுற்றிவளைத்துச் சொல்வார்கள்.

சொல்லவும் செய்தார்கள். அதே 1953-இல்தான் இங்கே ராஜாஜி ஆரம்பப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாக்கி, இரண்டு வேளையாகப் பிரித்து, மீதிப் பொழுதில் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பேரிட்டுத் தெருவுக்கு இழுத்தார். 1954-இல் ராஜாஜி போனார், திட்டமும் போனது. வெர்வூர்ட்டின் திட்டத்திலும் முதல் இரண்டு வகுப்புகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான். ஒரே வாத்தியார் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று நடத்த வேண்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பி அடிக்கவில்லை. மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் பிள்ளைக்கு எவ்வளவு படிப்பு போதும் என்ற கணக்கு எங்கேயும் ஒரேமாதிரி வருகிறது. அங்கே அதை விரட்ட ஓட்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பணத்துக்கும் கயிறு கட்டினார்கள். பொதுக் கருவூலத்திலிருந்து வருஷத்துக்கு 65 லட்சம் பவுண்டு, அதற்கு மேல் கிடையாது. கூடுதல் வேண்டுமானால் கறுப்பர்கள் கட்டுகிற வரியில் ஐந்தில் நாலு பங்கு. பிள்ளைகள் பெருகப் பெருகச் சோறு அதே சட்டியில்.

தாய்மொழி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆரம்பப் பள்ளி முழுக்கத் தாய்மொழியில் நடத்தவேண்டும் என்றது புதிய ஏற்பாடு. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. கறுப்பர்கள் எதிர்த்தார்கள். வேலையும் சட்டமும் கோர்ட்டும் பத்திரிகையும் ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் நடக்க, தன் பிள்ளையை மட்டும் சூலுவுக்குள்ளேயே அடைத்து வைக்கிறான் என்றால், அவன் சூலுவின் மேல் வைத்த பாசத்தினாலா? யார் தாய்மொழிப் பற்றுப் பேசினாலும் அவர் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்று நாம் கேட்பதுபோலத்தான் அவர்களும் கேட்டார்கள்.

மிஷன்களுக்கு வெர்வூர்ட் வைத்த கெடு 1954 டிசம்பர். பள்ளியை அரசாங்கத்திடம் ஒப்படைக்கலாம். தானே நடத்தலாம், ஆனால் மானியம் வருஷத்துக்கு வருஷம் கால்பங்கு குறைந்து 1957 முடிவில் ஒன்றுமில்லாமல் போகும். அல்லது மூடலாம். மெதடிஸ்டுகள் ஒப்படைத்தார்கள். கத்தோலிக்கர்கள் நாடு முழுக்க நிதி திரட்டித் தாங்களே நடத்துவது என்று நின்றார்கள். ஆங்கிலிக்கன் ஆயர்களில் பெரும்பாலோர், சட்டம் கெட்டதுதான், ஆனாலும் பிள்ளைகள் தெருவில் நிற்பது அதைவிடக் கெடுதல் என்று சொல்லிக் கட்டடங்களை அரசாங்கத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். ஜோகன்னஸ்பர்க் ஆயர் அம்புரோஸ் ரீவ்ஸ் மட்டும், இந்தப் பாவத்துக்கு என் கட்டடம் கிடையாது என்றார். ஹடில்ஸ்டனும் அவர் பக்கம்.

இந்த நிலைமையில்தான் 1955 ஜனவரியில் பள்ளி திறந்தது. அங்கே கல்வி ஆண்டு ஜனவரியில் ஆரம்பம். பிப்ரவரி 12-ஆம் தேதி சோபியாடவுன் ஜனங்களைக் காலி செய்வதாக அறிவித்திருந்த அரசாங்கம், எதிர்ப்புக்குப் பயந்து மூன்று நாள் முந்தி, 9-ஆம் தேதி விடியற்காலையிலேயே வந்துவிட்டது. இரண்டாயிரம் போலீஸ், துப்பாக்கியோடு. முதல் நாள் நூற்றுச் சொச்சம் குடும்பங்களைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றி மெடோலாண்ட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். தெருக்கள் ஒவ்வொன்றாகக் காலியாக ஆரம்பித்தன. வீடே போகும்போது பிள்ளைக்குப் பாடம் ஏறுமா?

மார்ச் முடிவில் ரீவ்ஸ் தன் மறைமாவட்டத்துப் பள்ளிகளை மூடினார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ரீவ்ஸ் கோழை அல்ல. ஷார்ப்வில் படுகொலைக்குப் பிறகு சாட்சிகளைத் திரட்டி உலகத்துக்குச் சொன்னவர், அதற்காக 1960-இல் நாடு கடத்தப்பட்டவர். அவர் சொன்ன 'மாட்டேன்' பெரிய வார்த்தைதான். ஆனால் சொன்னவர் கை சுத்தமாக இருந்தது, மறுநாள் காலையில் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்பது தாயின் தலையில் விழுந்தது. அவள் வெள்ளைக்காரி வீட்டில் துணி துவைக்கப் போயாக வேண்டும். ஒப்படைத்த ஆயர்கள் பிள்ளையை அடிமைக் கல்விக்கு விற்றார்கள் என்றால், மூடிய ஆயர் அதே பிள்ளையைக் கொண்டு தன் மனசாட்சிக்கு விலை கட்டினார். எது சரி என்று எனக்கும் முடிவு சொல்லத் தெரியவில்லை. மூடியதுதான் சரி என்றே மனசு சொல்கிறது. சொல்லும்போதே அந்தத் தாய் குறுக்கே வந்து நிற்கிறாள்.

இன்னொரு விஷயம் உறுத்துகிறது. அதே ஜோகன்னஸ்பர்க்கில், ஹௌட்டன் பகுதியில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி என்று ஆங்கிலிக்கன் சபையின் ஆண்பிள்ளைகள் பள்ளி. 1898-இல் ஆரம்பித்தது. 1906 முதல் 1934 வரை அதை நடத்தியதும் இதே மிர்ஃபீல்ட் துறவிகள்தான். ஒரே சபை, ஒரே ஜெபப் புத்தகம், ஒரே அங்கி. அங்கே வெள்ளைப் பையன்கள், இங்கே சோபியாடவுன் பிள்ளைகள். 1955-இல் செயின்ட் ஜான்ஸ் மூடவில்லை. சட்டம் அதைத் தொடவில்லை, ஆகவே மூட வேண்டிய அவசியமும் வரவில்லை. வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிகளையும் சேர்த்து மூடியிருந்தால் வெர்வூர்ட்டுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆங்கிலிக்கன் பணக்காரர் வீடுகளில் எப்படி இருந்திருக்கும்?

ரோசட்டன்வில்லில் அந்தத் துறவிகள் கறுப்பர்களுக்கு நடத்திய செயின்ட் பீட்டர்ஸ் உயர்நிலைப் பள்ளி, 'கறுப்பர்களின் ஈட்டன்' என்று பேர் வாங்கியது. ஆலிவர் டாம்போ அங்கே படித்து, அங்கேயே கணக்கு வாத்தியாராக இருந்தவர். கறுப்பனுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்ட வெர்வூர்ட்டுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம். எழுத்தாளர்கள் பீட்டர் ஆப்ரஹாம்ஸும் எஸ்கியா ம்பலேலேயும் அங்கே படித்தவர்கள். ஹ்யூ மசக்கேலா என்ற பையனுக்கு ஹடில்ஸ்டன் ட்ரம்பெட் வாங்கிக் கொடுத்ததும் அங்கேதான். அந்தப் பள்ளி 1956 கடைசியில் மூடப்பட்டது. 1958-இல் அதே வளாகத்தில் செயின்ட் மார்ட்டின்ஸ் என்ற ஆங்கிலிக்கன் பள்ளி திறந்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு.

மறுபடி 1955 ஏப்ரலுக்கு வருவோம். 12-ஆம் தேதியிலிருந்து ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் பாண்டு பள்ளிகளைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. ஜோகன்னஸ்பர்க்கின் மேற்கிலும், கிழக்கே பெனோனி, பிராக்பன் ஊர்களிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை. 25-ஆம் தேதிக்குள் திரும்பாத பிள்ளைக்கு இனி எந்தப் பள்ளியிலும் இடம் இல்லை என்று வெர்வூர்ட் கெடு வைத்தார். கெடு முடிந்தபோது ஏழாயிரம் பிள்ளைகள் வெளியே. நூற்றுக்கு மேற்பட்ட வாத்தியார்களுக்கு வேலை போனது.

அந்தப் பிள்ளைகளுக்காக ஆப்பிரிக்கக் கல்வி இயக்கம் 'கலாச்சாரக் கழகம்' என்று ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் என்று பேர் வைக்க முடியாது, பதிவு செய்யாத பள்ளி நடத்தினால் குற்றம். ஆகவே கரும்பலகை இல்லை, சாக்பீஸ் இல்லை, புத்தகம் இல்லை, பென்சில் இல்லை. திறந்த வெளியிலும் கிடைத்த கூடத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்து, கதையாகச் சரித்திரம், விளையாட்டாகக் கணக்கு, பாட்டாகப் பூகோளம். போலீஸ் வந்தால் வாத்தியார் கையில் ஒன்றும் இருக்காது, பிள்ளைகள் பாடிக்கொண்டிருப்பார்கள். எழுத்தை மறைத்து வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்த அந்த வாத்தியார்களைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும். கழகத் தலைவர்களுக்குச் சம்பளம் பெற்றோர் கொடுக்கிற சில்லறைதான். பரீட்சை இல்லை, சர்டிபிகேட் இல்லை. அடுத்தடுத்த வருஷங்களில் பிள்ளைகள் ஒவ்வொருவராக அரசாங்கப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். பெற்றவர்களை யார் குறை சொல்ல முடியும்?

ஹடில்ஸ்டனை அவருடைய சபையே அந்த வருஷக் கடைசியில் இங்கிலாந்துக்குத் திரும்ப அழைத்தது. கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்தவர், போனார். சோபியாடவுனை இடித்துவிட்டு அந்த இடத்துக்கு 'ட்ரியோம்ஃப்', அதாவது வெற்றி, என்று பேர் வைத்து வெள்ளையரைக் குடியேற்றினார்கள். பழைய பேர் 2006-இல்தான் திரும்பக் கிடைத்தது. ஆலயம் இடிபடாமல் நின்றது. 1998-இல் செத்த ஹடில்ஸ்டனின் சாம்பல் அங்கே இருக்கிறது.

சோபியாடவுனில் சூலு, சோத்தோ, ட்சுவானா, கோசா என்று பல மொழி பேசினவர்கள் ஒரே தெருவில் இருந்தவர்கள். மெடோலாண்ட்ஸில் மொழிக்கு ஒரு வட்டாரம் என்று பிரித்து வீடு கொடுத்தார்கள். லாரியில் ஒன்றாக ஏறின பிள்ளைகள், இறங்கின இடத்தில் ஆளுக்கொரு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.