பபூன் என்னும் சொல்

மூடா ஆறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள ஊர் கோத்தா கோலா மூடா. ஆற்றின் தென்கரை 1800இலேயே ஆங்கிலேயர் வசமாயிற்று. வடகரையாகிய கெடாவோ 1909 வரை சயாமின் மேலாட்சியில் இருந்தது. பின்னர் இவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கிராணி, ஆபீஸ் முதலிய சொற்கள் தோட்டத் தமிழர் நாவில் படிந்தன. ஆனால், ஒருவன் தோற்றத்தைக் கண்டு சிரிக்க உதவிய 'பபூன்' அலுவலகம் தந்த சொல் அன்று; நாடக மேடை தந்தது.

முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வரும் சிறுவனைப் 'பபூன் மாதிரி' என்பர். அதைக் குரங்கின் பெயரெனக் கருதி, வசவென்று ஆசிரியர் சிலர் கடிவர். அஃது ஒலி ஒப்புமையால் நேர்ந்த மயக்கம். ஆங்கிலத்தில் குரங்கைக் குறிக்கும் சொல் வேறு. கோமாளியைக் குறிக்கும் சொல் வேறு. பின்னதில் உள்ள 'ஃப' என்னும் ஒலி தமிழில் பகரமாகவே, இரண்டும் ஒன்றுபோல் ஆயின.

கோமாளியைக் குறிக்கும் அச்சொல் இத்தாலியில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. அதன் வேர்ப்பொருள் ஊதுதல். கன்னத்தை உப்பிக் காட்டிச் சிரிப்பு மூட்டியதால் வந்த பெயர் என்பர். ஆங்கிலத்தில் அது பெரிதும் செயலையே பழிக்கும். தமிழரோ அதை மீண்டும் முகத்துக்கும் உடைக்கும் உரியதாக்கினர்! தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கே. தோற்றத்தைத் தனியே கூறவில்லை. அதனை எள்ளலுள் அடக்கலாம் என்பது எம் கருத்து.

பெயர்தான் புதிது, ஆள் பழையவன். தெருக்கூத்தில் முதலில் வந்து கதை அறிவிப்பவன் கட்டியங்காரன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த நாடகங்களை ஆடும் மேடையில் அவனிடத்தைப் பபூன் பெற்றான். நாடகக் குழுக்கள் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தன. அண்டை மலாய்க்காரர் கோமாளியைப் 'பாடுட்' என்பர். அச்சொல் தமிழர் வாயில் ஏறவில்லை.

சீட்டுக்கட்டு வழி வந்த 'ஜோக்கர்' இன்று பபூனை ஓரளவு ஒதுக்கிவிட்டது. எனினும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில், வள்ளியும் முருகனும் வருமுன் ஆர்மோனியத்துக்கு இசைந்து பாடிக்கொண்டு மேடையேறுபவன் இன்றும் பபூனே.