வெட்டுவதா, காப்பதா?

குர்துபாவின் அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (இறப்பு ஏறத்தாழ கி.பி. 1013) தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் 30ஆம் பகுதியில், தமக்குப் பெருமை சேர்க்காத நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்துள்ளார். பாதம் அழுகத் தொடங்கிய ஒருவர் அதைத் தாமே வெட்டிக்கொண்டு உயிர் தப்பினார். பின்னர் அந்நோய் கையில் தோன்றவே ஸஹ்ராவியிடம் வந்தார். மருந்துகளுக்கு அழுகல் கட்டுப்படவில்லை. கையை நீக்கிவிடுமாறு நோயாளி வேண்டினார். நலிந்த உடல் தாங்காது என அஞ்சி மருத்துவர் மறுத்துவிட்டார். நம்பிக்கையிழந்து வீடு திரும்பியவர் கையையும் தாமே வெட்டிக்கொண்டு நலம் பெற்றார்! மாணவர்களுக்கென எழுதிய நூலில் தம் கணிப்பு தவறியதை அவர் மறைக்கவில்லை. ஆயினும், எப்போது வெட்டுவது, எப்போது காப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் அவரிடம் இல்லை. அவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் எவரிடமும் இல்லை.

அவ்வளவுகோலைத் தேடியவர்களுள் நம் கோவை மருத்துவர்களும் உண்டு. நூற்பாலைகளும் விசைத்தறிகளும் வார்ப்படப் பட்டறைகளும் நிறைந்த கொங்கு நாட்டில் கை கால் நசுங்கி வருவோர்க்குக் குறைவில்லை. நெடுஞ்சாலைகள் தம் பங்கைச் சேர்த்தன. உழைப்பாளிக்குக் காலை இழப்பது பிழைப்பை இழப்பது. தேறாத காலைக் காக்க முயன்று, மாதக்கணக்கில் அறுவைகளும் கடனும் பட்டு, இறுதியில் அதையே வெட்டுவது அதனினும் கொடிது.

1990இல் அமெரிக்காவில் வெளியான மதிப்பெண் முறை, இரத்த ஓட்டம் தடைப்படாத திறந்த எலும்பு முறிவுகளுக்குச் சரிவரப் பொருந்தவில்லை. 1978இல் தொடங்கிய கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன், எஸ். ராஜ சபாபதி முதலியோர், 109 கணுக்கால் மேலெலும்பு முறிவுகளில் சோதித்த புதிய முறையொன்றை 2006இல் வெளியிட்டனர். தோல், எலும்பு, தசை நரம்புகள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண். நிலைமையை மோசமாக்கும் ஏழு காரணங்களுக்குத் தலா 2. மொத்தம் 29. காயத்தைத் தூய்மை செய்யும் வேளையிலேயே கணக்கிட்டுவிடலாம். பயிற்சி மருத்துவருக்குத் தம் ஆசானின் உள்ளுணர்வு இங்கே எண்களாகக் கிடைக்கிறது.

அவ்வேழு காரணங்களே நம்மை நெடுநேரம் நிறுத்துகின்றன. முதுமை, சர்க்கரை நோய், தாழ்ந்த இரத்த அழுத்தம் ஆகியவை எதிர்பார்த்தவையே. சாக்கடையோ தொழுவத்து மண்ணோ கலந்த காயம், சிகிச்சைக்கு முன் கழிந்த 12 மணி நேரம் ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. பின்னதற்குரிய 2 மதிப்பெண்ணை நோயாளியின் உடல் மட்டுமா ஈட்டியது? சாலையும் வாகனமும் சேர்ந்தல்லவா ஈட்டின! தமிழகத்தில் 108 ஊர்தி ஓடத் தொடங்கியது 2008இல்தான்; அவசர மருத்துவம் தனி மேற்படிப்பாக இந்திய மருத்துவக் கழகத்தின் ஏற்பைப் பெற்றது 2009இல்.

14 வரை வந்தால் காலைக் காக்க முயல்வர். 17ஐ எட்டினால் பெரும்பாலும் நீக்குவர். 15, 16 என வந்தாலோ, முடிவு அனுபவமுள்ள மருத்துவரிடமே விடப்படுகிறது. ஸஹ்ராவியின் நோயாளி போன்றோர் இன்றும் அவ்விடைவெளியில்தான் படுத்திருக்கின்றனர்.