நானூற்று எண்பத்து மூன்று பேர்

லோயர் கேம்ப்பில், பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அருகே நின்ற கூடலூர் விவசாயி ஒருவர் என் தோளில் தொங்கிய பையையும் நோட்டையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அணையக் கட்டுன தொரை பேரு எங்க ஊருல பச்சப்புள்ளைக்கும் தெரியும் தம்பி. கட்டும்போது செத்தவுக பேரு எங்கயாச்சும் எழுதி வச்சிருக்காகளா?"

நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகவும், அணைக்குச் சற்று வடக்கே அவர்களைப் புதைத்ததாகவும் சொல்லப்படுகிறது என்றேன்.

"எண்ணிக்கை இருந்தா பேரும் இருக்கணுமே. பேரில்லாம எப்படி எண்ணுனாக?"

அந்தக் கேள்விதான் என்னை ஆவணங்களுக்குள் தள்ளியது. ஓர் அரசு வேலையில் ஆள் இறந்தால் யாராவது ஒருவர் எங்காவது ஒரு தாளில் குறித்திருக்க வேண்டும். அந்தத் தாளைத் தேடினேன்.

முதலில் கையில் எடுத்தது ஏ.டி.மெக்கன்சியின் பெரியாறு திட்ட வரலாறு. பொறியாளர் எழுதியது, 1899-ல் சென்னையில் அரசு அச்சகம் வெளியிட்டது. அணை வேலை 1887-ல் தொடங்கியது. 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். ரயில் அம்மையநாயக்கனூர் வரைதான், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டு வண்டி, மலையேற கம்பிவடப் பாதை, தேக்கடிக்கு அப்பால் படகு. கடைசியில் யானையும் புலியும் திரிந்த காட்டில், வெள்ளம் அடித்துப்போகும் ஆற்றின் நடுவே, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து ஒரு சுவர். இதையெல்லாம் வாசிக்கையில் வேலையின் பிரம்மாண்டம் கண்ணுக்குள் எழுகிறது. ஆட்கள் வருவது "உழைப்பு" என்ற தலைப்பின் கீழ்தான். சுண்ணாம்பைப் போல, மரத்தைப் போல, எங்கிருந்து வரும், எவ்வளவு கிடைக்கும், எப்போது தட்டுப்படும் என்கிற கணக்காகத்தான்.

483 என்ற எண்ணோடு ஒட்டிவரும் "நோயால் மட்டும்" என்ற இரண்டு சொற்களில் என் கண் நின்றது. அப்படியென்றால் வெடிவைத்தபோது இறந்தவர், வெள்ளத்தில் போனவர், சுரங்கத்தில் பாறை விழுந்து மடிந்தவர் எல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே. முகாமில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள்தான் 483. காய்ச்சலோடு மலையிறங்கி, கூடலூரிலோ கம்பத்திலோ சொந்தத் திண்ணையில் உயிர்விட்டவர் அதில் சேர வழியே இல்லை. ஆகவே 483 என்பது கீழ்வரம்பு என்றே நான் கொள்கிறேன்.

காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்பதும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மலேரியாவைக் கொசு சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்டில். அணை திறந்து இரண்டு வருடம் கழித்து. கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று நம்பிய காலத்தில், தேங்கிய நீரின் ஓரத்தில் கூலிகளின் குடிசைகள் இருந்தன. இதில் யார்மீதும் பழி சொல்ல நான் வரவில்லை. இறந்தவர் வீட்டுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என் தேடல்.

சம்பளம் கொடுத்தால் மஸ்டர் ரோல் இருக்கும். அதில் பெயர் இருக்கும். ஒருவர் வேலைக்கு வராத நாளும் இருக்கும். தேனி மாவட்டம் 1996-ல் பிரிந்தது என்பதால் பழைய தாள்களின் தடம் மதுரைக்கும், அங்கிருந்து எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் போகிறது. போவதற்கு முன் உத்தமபாளையத்தில் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவரைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் ஆவண அறையில் இருந்தவர். அவர் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் காட்டினார்.

"ஆர்.டிஸ்.னா நிரந்தரம். டி.டிஸ். பத்து வருசம். கே.டிஸ். மூணு வருசம். எல்.டிஸ். ஒரே வருசம். கோப்ப முடிக்கும்போதே இது எத்தனை வருசம் உசுரோட இருக்கணும்னு தலையில எழுதிருவோம் சார். நிலம், எல்லை, ஒப்பந்தமெல்லாம் ஆர்.டிஸ். கூலி கொடுத்த தாளுக்கு தணிக்கை முடிஞ்சா ஆயுசு அவ்வளவுதான்."

அவர் சொன்ன குறியீடுகள் பின்னால் வந்தவை. ஆனால் எதை வைப்பது, எதை எரிப்பது என்ற மனப்பாங்கு பழையது. எழும்பூரில் பொதுப்பணித் துறைத் தொகுதிகளைப் புரட்டியபோது அது கண்கூடாகத் தெரிந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரும், இந்தியாவுக்கான அமைச்சர் பெயரில் சென்னை அரசும் செய்துகொண்ட குத்தகை ஒப்பந்தம் சொல்லுக்குச் சொல் பிழைத்திருக்கிறது. 999 வருடம், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், வருடத்துக்கு 40,000 ரூபாய். மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வெள்ளச் சேதம், எந்திரக் கொள்முதல் எல்லாம் இருக்கின்றன. பெயர்ப் பட்டியல் மட்டும் நான் புரட்டிய கட்டுகள் எதிலும் இல்லை. கொச்சியிலிருந்து போர்ச்சுக்கீசியத் தச்சர்கள் வந்தார்கள் என்று தெரிகிறது. மெட்ராஸ் பயனீர்ஸ் படையினர் வந்தார்கள் என்றும் தெரிகிறது. படைவீரனுக்கு ரெஜிமெண்ட் எண் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மண்வெட்டியோடு ஏறிப்போனவருக்கு மேஸ்திரி பெயர்தான் அடையாளம்.

இறப்புப் பதிவேட்டில் தேடலாமா என்று பார்த்தேன். சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899-ல்தான் வந்தது. அந்த வழியும் அடைபட்டது.

அப்போதுதான் தேடும் திசையை மாற்றினேன். பதிவு இல்லை என்றால், ஏன் இல்லை? யாரோ கேட்டிருந்தால் அதிகாரி பதில் எழுதியிருப்பார், பதில் அச்சாகியிருக்கும், அச்சானது பிழைத்திருக்கும். அரசு ஊழியரின் சம்பளம், பாதுகாப்பு, குடும்ப நலன் பற்றி ஆவணங்களில் இன்று நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, மன்றத்தில் ஒருவர் எழுந்து கேட்டதால் பிறந்தவை. அப்படி எழுந்து கேட்கக்கூடிய மன்றம் அன்று எது?

சென்னை சட்டமன்றத்தை எடுத்துக்கொள்வோம். 1861 சட்டத்தின்படி அதன் வேலை சட்டம் இயற்றுவது மட்டும். கேள்வி கேட்கும் உரிமையும் வரவுசெலவைப் பேசும் உரிமையும் 1892-ன் இந்திய கவுன்சில்கள் சட்டம் கொடுத்தவை. அணை வேலையின் முதல் ஐந்து வருடம், "பெரியாற்றில் எத்தனை கூலிகள் இறந்தார்கள்?" என்று கேட்க இந்த மாகாணத்தில் ஓர் உறுப்பினருக்கும் அதிகாரமில்லை. இதை வாசித்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது லண்டன். இந்தியாவின் முன்னேற்றமும் நிலைமையும் பற்றி வருடாவருடம் ஓர் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் பாசன வேலைகளுக்குத் தனி இடம் உண்டு: போட்ட முதல், பாயும் ஏக்கர், வரும் வருமானம். இந்தியாவுக்கான அமைச்சரின் சம்பளமே இந்திய வரிப்பணத்திலிருந்து போனது. பிரிட்டிஷ் கஜானாவிலிருந்து போகாததால் அந்தச் சம்பளத்துக்கு வாக்குக் கேட்கும் நாளும் இல்லை, அந்தச் சாக்கில் அவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் வாய்ப்பும் இல்லை. 1919 சட்டத்துக்குப் பிறகுதான் அது மாறியது. கூடலூர்க்காரர் கட்டிய தீர்வையில் சம்பளம் வாங்கியவரைக் கூடலூர்க்காரர் சார்பில் கேட்க அந்த ஒரு வழி இல்லாமல் இருந்தது.

இந்த இடத்தில் எதிர்பாராத ஒன்று அகப்பட்டது. பென்னிகுவிக் ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் ராயல் இந்தியப் பொறியியல் கல்லூரிக்கு 1896 முதல் 1899 வரை தலைவராக இருந்தார். இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களை உருவாக்கியது அந்தக் கல்லூரி. அவருக்குப் பின் வந்த கர்னல் ஜான் ஓட்லி காலத்தில் ஏழு ஆசிரியர்கள் ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தரவில்லை என்று இயற்பியலாளர் ஆர்தர் ரக்கர் 1901 ஜனவரியில் தி டைம்ஸ் இதழுக்கு எழுதினார். விஞ்ஞானி கெல்வின் பிரபுவும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். விஷயம் நாடாளுமன்றம் வரை போய், அமைச்சர் ஜார்ஜ் ஹாமில்டன் பிரபு பதில் சொல்ல வேண்டி வந்தது.

அந்த ஏழு பேருக்கும் நியாயம் கேட்டது சரி. ஓர் ஊழியரைக் காரணம் சொல்லாமல் அனுப்பக்கூடாது என்பது இன்றைக்கும் நாம் கேட்பதுதான். ஆனால் ஒரே துறை, ஒரே அமைச்சர் பொறுப்பு. ஏழு பேரின் வேலைக்கு மன்றம் கூடிப் பேசுகிறது. 483 பேரின் உயிர் வெறும் எண்ணாக நின்றுவிடுகிறது. அந்த ஏழு பேரைத் தேடினால் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். அவர்களில் வேதியியலாளர் ஹெர்பர்ட் மெக்லியாட் ஒருவர். கூடலூர் விவசாயியின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலில் பாதி இது. கேட்க ஆள் இருந்தவர்களுக்குப் பெயர் மிஞ்சியது.

மறுபாதி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. முன்பணம் வாங்கிய கூலி வேலையை விட்டு ஓடினால் தண்டிக்க 1859-லேயே ஒரு சட்டம் இருந்தது. வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தரும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வர 1923 ஆனது. இடைப்பட்ட அறுபத்து நாலு வருடத்துக்கு நடுவில்தான் பெரியாறு அணை எழும்பியது.

பென்னிகுவிக் சொத்தை விற்று அணை கட்டினார் என்று பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்வார்கள். பணம் அரசுப் பணம் என்பதுதான் தாள்கள் காட்டும் உண்மை. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளான ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கிறவர்களின் நன்றி நிஜமானது. அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஆனால் அரசுப் பணம் என்று ஒப்புக்கொண்டால்தான் அரசுப் பொறுப்பு என்ற பேச்சு வரும். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்று அந்த அணையைப் பார்த்துக்கொள்வது தமிழ்நாட்டின் நீர்வளத் துறை. நீர்மட்டம், கசிவுநீர், மழை எல்லாம் நாள் தவறாமல் அளக்க ஆட்கள் காட்டுக்குள் தங்கியிருக்கிறார்கள். 2000-ல் அங்கே காட்டு யானை மின்சாரம் தாக்கி இறந்ததையொட்டி மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்பக் கிடைத்தது 2021 ஜனவரியில். இருபது வருடம் ஜெனரேட்டரையும் டார்ச்சையும் வைத்து, ஈரமான சுரங்க நடையில் இறங்கிக் கசிவை அளந்தவர்கள் அரசு ஊழியர்கள். இதே காலத்தில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று 2014 மே 7-ல் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. சுவரின் பலத்தைப் பற்றி எத்தனை விவாதம்! அந்தச் சுவருக்குள் இரவில் இறங்குகிறவரின் விளக்கைப் பற்றிப் பேச, இப்போது நமக்கு மன்றங்கள் இருக்கின்றன. சட்டமன்றப் பொதுக்கணக்குக் குழு இருக்கிறது, உறுதிமொழிக் குழு இருக்கிறது. இவை மாவட்டங்களுக்கே வந்து கோப்பைக் கேட்கின்றன. தேனிக்கு அடுத்தமுறை வரும்போது அணை முகாமின் ஊழியர் குடியிருப்பையும், படகையும், மருந்துப் பெட்டியையும் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. கூடலூரில் அந்த விவசாயி தன் பெரியம்மாவிடம் கூட்டிப்போனார். எண்பதைத் தாண்டியவர். அவருடைய மாமனாரின் தாத்தா "மலைக்கு வேலைக்குப் போனவரு, திரும்பல" என்றார். எந்த நாளில் இறந்தார் என்று தெரியாது. அதனால் திதி கொடுக்க முடியாமல், வருடாவருடம் ஆடி அமாவாசைக்கு சுருளி அருவியில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள்.

"பேரு தெரியுமா பெரியம்மா?"

"பேரு தெரியாம எப்படிப்பா தண்ணி இறைக்கிறது?"

பெயரைச் சொன்னார். அவர் 483-க்குள் ஒருவரா என்று நிரூபிக்க என்னிடம் ஒரு தாளும் இல்லை. நோட்டைத் திறந்து, பல மாதமாக வெறும் தலைப்போடு கிடந்த பக்கத்தில், வரிசை எண் ஒன்று போட்டு எழுதிக்கொண்டேன்.