இதயம் கொடுத்த துப்பு

1938-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஹென்றி டர்னர் என்ற மருத்துவர் ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எல்லோரும் குள்ளம், யாரும் வயதுக்கு வரவில்லை, கழுத்தின் இருபுறமும் தோல் சவ்வுபோல விரிந்திருந்தது. பிட்யூட்டரி சுரப்பிதான் பழுது என்று அவர் நினைத்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியில் ஓட்டோ உல்ரிச் ஒரு சிறுமியிடம் இதே அடையாளங்களைக் கண்டு எழுதியிருந்தார். இந்தக் குறைபாட்டுக்கு நிலைத்தது என்னவோ டர்னரின் பெயர்தான்.

1942-இல் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் குழுவினர் இத்தகைய பெண்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன் அதில் ஏராளமாக இருந்தது. கட்டளை போய்க்கொண்டுதான் இருக்கிறது, கேட்கும் நிலையில் சூலகம் இல்லை என்பது புரிந்தது. சூலகம் சுரக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து கொடுத்தால் மார்பு வளரும், மாதவிலக்கு வரும். சிகிச்சை பிறந்தது இப்படித்தான். ஆனால் சூலகம் ஏன் கெட்டது?

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பால் போலானி பிறவி இதயக் கோளாறுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி ஓரிடத்தில் குறுகிப்போகும் குறை ஆண் குழந்தைகளிடமே அதிகம். அது டர்னர் பெண்களிடமும் அடிக்கடி தென்படுவது அவரை உறுத்தியது. பெண் பூனையின் உயிரணுவில் ஒரு கரும்புள்ளி தெரியும், ஆண் பூனையிடம் தெரியாது என்பதை 1949-இல் கனடாவில் மர்ரே பார் கண்டிருந்தார்; மனிதரிடமும் அப்படியே. போலானி தேடிப் பார்த்தார். இந்தப் பெண்களிடம் புள்ளி இல்லை. 1954-இல் அதை வெளியிட்டார். அப்படியானால் இவர்கள் குரோமோசோம் கணக்கில் ஆண்களா? 1959-இல் போலானியுடன் சேர்ந்து இங்கிலாந்தின் ஹார்வெல்லில் சார்லஸ் ஃபோர்டு ஒரு 14 வயதுப் பெண்ணின் குரோமோசோம்களை எண்ணினார். 46 இருக்க வேண்டிய இடத்தில் 45. ஒய் இல்லை, எக்ஸ் ஒன்றே ஒன்று.

இதயம் பார்த்த கண்ணுக்குத்தான் இந்த விடை அகப்பட்டது. அப்படியும் சிகிச்சைப் பேச்சு உயரம், பூப்பு என்ற இரண்டையே நெடுங்காலம் சுற்றிவந்தது எனக்கு வியப்புத்தான். கருமுட்டை தானம் பெற்றுக் கர்ப்பமான டர்னர் பெண்கள் சிலர் பெருந்தமனி கிழிந்து இறந்த செய்திகள் வந்த பிறகே எச்சரிக்கை பலமானது. இவர்களில் பலருக்குப் பெருந்தமனி வால்வில் மூன்று மடல்களுக்குப் பதில் இரண்டே இருக்கும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும்.

ஹார்மோன் கொடுக்கும் முறையும் மாறிவிட்டது. மாத்திரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டை அந்த வழியைத் தவிர்த்து இரத்தத்தில் கலக்கிறது. அதனால் 2017-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் பட்டைக்கே முன்னுரிமை தந்தது. 11, 12 வயதில் சிறிய அளவில் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் கூட்டச் சொன்னது. எலும்புக்கும் கருப்பைக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை. பிறவியிலேயே பழுதான பெருந்தமனியை எந்த ஹார்மோனும் சரிசெய்யாது.

சுமார் 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இந்தக் குறை இருக்கிறது. மகள் வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளம், வயதுக்கும் வரவில்லை என்றால் ‘தானா சரியாகிடும்’ என்று காத்திருக்காதீர்கள். குரோமோசோம் பரிசோதனை செய்யுங்கள். டர்னர் என்று தெரிந்தால் அப்போதே இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.