கடைச் சிப்பந்திகளின் கதைக்குள் வந்த கல்யாணத் தரகர்: ‘ஹலோ, டாலி!’ திரைப்படத்தின் மூல வரலாறு

1969 டிசம்பரில் வெளியான ‘ஹலோ, டாலி!’, ஹாலிவுட் இசைப் படங்களின் பொற்காலம் முடியும் தறுவாயில் வந்த பெரும்படம். டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் தயாரித்த இப்படத்தை ஜீன் கெல்லி இயக்கினார். பார்பரா ஸ்ட்ரைசாண்டும் வால்டர் மத்தாவும் முதன்மை வேடங்களில் நடித்தனர். கதை நடப்பது 1890இல். டாலி லீவை என்ற விதவை நியூயார்க்கில் வரன் பார்த்துக் கொடுத்துப் பிழைக்கிறார். யாங்கர்ஸ் ஊரில் வைக்கோலும் தீவனமும் விற்றுப் பணம் சேர்த்த கருமி ஹொரஸ் வாண்டர்கெல்டருக்குப் பெண் தேடித் தருவதாகச் சொல்லி, வந்த வரன்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, கடைசியில் தானே அவரை மணக்கிறார். இன்று இதை டாலியின் கதை என்றே எல்லாரும் அறிவர். ஆனால் கதையின் முதல் இரண்டு வடிவங்களில் டாலி என்ற பாத்திரமே கிடையாது. முதலாளி ஊரில் இல்லாத நாளில் கடையைப் பூட்டிவிட்டு நகரத்துக்கு ஓடிய இரண்டு சிப்பந்திகளின் கதையாகத்தான் அது தொடங்கியது.

அந்தத் தொடக்கம் 1835இல் லண்டனில் ஜான் ஆக்சன்ஃபோர்டு எழுதிய ஓரங்க நகைச்சுவை நாடகம். ‘நன்றாகக் கழிந்த ஒரு நாள்’ என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. முதலாளி வெளியே போகிறார். வேலையாட்கள் இருவர் கொண்டாட்டத்துக்குக் கிளம்புகிறார்கள். போகுமிடமெல்லாம் முதலாளியே எதிர்ப்படுகிறார். ஒளிவதும் தப்புவதுமாக ஓடும் இந்த எளிய நாடகம் இலக்கியமாக நிலைக்கவில்லை. ஆனால் அதன் கட்டமைப்பு உறுதியானது. சிறிய ஊர், பெரிய நகரம், ஒரே ஒரு நாள், எந்த நேரமும் பிடிபடலாம் என்ற பயம் ஆகிய நான்கையும் பின்னால் வந்த ஒருவரும் கைவிடவில்லை.

வியன்னாவின் நாடகாசிரியரும் நடிகருமான யோகான் நெஸ்ட்ராய் இதை எடுத்து நான்கு அங்க நாடகமாக விரித்தார். 1842 மார்ச் 10 அன்று தியேட்டர் அன் டெர் வீன் அரங்கில் அது மேடையேறியது. இதில் முதலாளி ஒரு மளிகை வணிகர். அவரது தலைமைச் சிப்பந்தி வைன்பெர்ல், கடையில் பங்காளியாகப் பதவி உயரப்போகும் நேரத்தில் ஒரு கவலை கொள்கிறான். வயதான பிறகு நினைத்துப் பார்க்கத் தன் வாழ்க்கையில் ஒரு குறும்புகூட இல்லையே என்பது அந்தக் கவலை. அதற்காகவே பயிற்சிப் பையனை அழைத்துக்கொண்டு வியன்னாவுக்குப் போகிறான். ஓடி ஒளியும் கூத்துக்கு ஒரு மனிதக் காரணம் கிடைத்தது இங்கேதான். வைன்பெர்லாக நடித்தவர் நெஸ்ட்ராயே. ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் காலத்துத் தணிக்கைக்குத் தப்பி, சமூகத்தை எள்ளும் பாடல்களை நாடகத்தில் நுழைப்பது அவர் வழக்கம். அடால்ஃப் முல்லர் இசையமைத்த பாட்டுகள் இதிலும் இருந்தன. எனவே இக்கதையோடு இசை சேர்ந்தது பிராட்வேயில்தான் என்று கொள்வது சரியாகாது.

ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, நாஜிகளின் கைக்கு எட்டாமல் அமெரிக்கா வந்த ஆஸ்திரிய இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டுக்காக, தார்ன்டன் வைல்டர் நெஸ்ட்ராயின் நாடகத்தைத் தழுவி ‘யாங்கர்ஸ் வணிகர்’ நாடகத்தை எழுதினார். வியன்னா நியூயார்க் ஆயிற்று. சிப்பந்திகள் கார்னீலியஸ், பார்னபி எனப் பெயர் பெற்றனர். நெஸ்ட்ராயின் நாடகத்தில் வரும் துணிக்கடைக்காரி, தொப்பிக் கடை நடத்தும் ஐரீன் மல்லாய் ஆனார். இவையெல்லாம் எந்தத் தழுவலிலும் நடக்கும் மாற்றங்கள். வைல்டர் செய்த பெரிய காரியம் வேறு: மூலத்தில் இல்லாத ஒரு கல்யாணத் தரகரைக் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

அந்தத் தரகரை அவர் எடுத்தது மொலியேரிடமிருந்து. 1668இல் வந்த மொலியேரின் ‘கருமி’ நாடகத்தில் ஃப்ரோசின் என்ற தரகுப்பெண், அர்ப்பாகோன் என்ற கிழட்டுக் கருமிக்கு ஓர் ஏழைப் பெண்ணைப் பேசி முடிக்கப் பார்க்கிறாள். சீதனம் எவ்வளவு என்று கருமி கேட்க, அவள் ஒரு கணக்குப் போடுகிறாள். பெண் எளிய சாப்பாடு சாப்பிடுபவள், ஆகவே ஆண்டுக்கு மூவாயிரம் மிச்சம். ஆடம்பர உடையில் ஆசையில்லை, நாலாயிரம் மிச்சம். சூதாட்டம் பிடிக்காது, ஐயாயிரம் மிச்சம். ஆகப் பன்னிரண்டாயிரம் வருமானம் என்கிறாள். செலவாகாத பணத்தையெல்லாம் சீதனக் கணக்கில் வரவு வைக்கும் இந்தச் சாமர்த்தியத்தை வைல்டர் அப்படியே டாலிக்குக் கொடுத்தார். வாண்டர்கெல்டரின் முன் டாலி ஒரு கற்பனைப் பெண்ணை வருணிக்கும் காட்சி இதன் வழித்தோன்றலே. ஆனால் மொலியேரின் தரகுப்பெண் கூலிக்கு வேலை செய்பவள். கருமியிடம் அதையும் வாங்க முடியாமல் வெறுங்கையோடு திரும்புபவள். வைல்டரின் டாலிக்கோ தனக்கென ஒரு வாழ்வு இருக்கிறது. இறந்துபோன கணவர் எஃப்ரைமோடு அவர் பேசுகிறார். துக்கத்தில் ஒதுங்கியது போதும், மறுபடி மனிதர்களோடு சேர வேண்டும் என்று முடிவெடுக்கிறார். பணம் பெட்டியில் கிடந்தால் பயனில்லை, பலரிடம் பரவினால்தான் எதையும் வளர்க்கும் என்ற கணவரின் எண்ணத்தை வாண்டர்கெல்டரின் பணத்தில் நிறைவேற்ற நினைக்கிறார். பக்கப் பாத்திரமாக வந்த தரகர் கதையின் மனச்சாட்சி ஆனது இப்படித்தான்.

1938 டிசம்பர் 28இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்த நாடகம் 39 காட்சிகளோடு நின்றுபோனது. அதே ஆண்டு ‘நம்ம ஊர்’ நாடகத்துக்காகப் புலிட்சர் பரிசு பெற்றிருந்த வைல்டர் இதையும் விட்டுவிடவில்லை. டைரோன் கத்ரியின் இயக்கத்துக்காகப் பிரதியைத் திருத்தி, ‘கல்யாணத் தரகர்’ என்ற புதிய தலைப்பில் 1954இல் எடின்பரோ விழாவிலும் பிறகு லண்டனிலும் மேடையேற்றக் கொடுத்தார். ரூத் கார்டன் டாலியாக நடித்தார். 1955 டிசம்பரில் பிராட்வேக்கு வந்த இது 486 காட்சிகள் ஓடியது. தலைப்பு வணிகரிடமிருந்து தரகருக்குக் கைமாறியது வெறும் விளம்பர உத்தியன்று. நாடகத்தின் எடை எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதன் ஒப்புதல் அது. 1958இல் இது ஷர்லி பூத் நடித்து, பாட்டில்லாத திரைப்படமாகவும் வந்தது.

தயாரிப்பாளர் டேவிட் மெரிக், எழுத்தாளர் மைக்கேல் ஸ்டூவர்ட், இசையமைப்பாளர் ஜெரி ஹெர்மன், இயக்குநர் கவர் சாம்பியன் ஆகியோர் இதை இசை நாடகமாக்கினர். எத்தல் மெர்மனை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வேடம் அவர் மறுத்ததால் கரோல் சானிங்குக்குப் போனது. 1964 ஜனவரி 16இல் தொடங்கி 1970 டிசம்பர் வரை 2,844 காட்சிகள் ஓடிய இந்த நாடகம் பத்து டோனி விருதுகளை அள்ளியது. 1967இல் பேர்ல் பெய்லி தலைமையில் முழுவதும் கறுப்பின நடிகர்களே நடித்த குழு இதை ஏற்றுக்கொண்டது இவ்வரலாற்றின் பெருமைக்குரிய பகுதி. தலைப்புப் பாடலை லூயி ஆம்ஸ்ட்ராங் இசைத்தட்டாகப் பாட, 1964 மே மாதம் அது பீட்டில்ஸின் பாட்டைத் தள்ளிவிட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 62.

‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ 1965இல் குவித்த லாபத்தைக் கண்ட ஃபாக்ஸ், அதே வழியில் ‘டாக்டர் டூலிட்டில்’, ‘ஸ்டார்!’, ‘ஹலோ, டாலி!’ என்று அடுத்தடுத்துப் பணத்தைக் கொட்டியது. ‘ஹலோ, டாலி!’க்கு மட்டும் ஏறத்தாழ 2.5 கோடி டாலர் செலவு. ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள கேரிசன் என்ற ஊர் யாங்கர்ஸாக மாற்றப்பட்டது. நியூயார்க்கின் பதினான்காம் தெரு, ஸ்டூடியோ வளாகத்திலேயே பழங்கால முகப்புகளோடு எழுப்பப்பட்டது. ஆயிரக்கணக்கான துணை நடிகர்கள் அதில் ஊர்வலம் போனார்கள். நாடகம் அரங்கில் ஓடிக்கொண்டிருக்கும்வரை படம் வரக்கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனையோ பெரும் இடைஞ்சலாயிற்று. நாடகம் நிற்பதாகக் காணோம். முடிந்த படம் பெட்டியில் காத்திருந்தது. இறுதியில் ஃபாக்ஸ் பணம் கொடுத்து முன்கூட்டியே வெளியிட வேண்டியிருந்தது. அதற்குள் காலம் மாறிவிட்டது. ‘ஈஸி ரைடர்’, ‘மிட்நைட் கௌபாய்’ ஆகியவை ஓடிய அதே 1969இல் இந்தப் படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை. கலை இயக்கம், ஒலிப்பதிவு, இசைத் தழுவல் ஆகியவற்றுக்கு மூன்று ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன.

படத்தின் உச்சம் ஹார்மோனியா கார்டன்ஸ் உணவகக் காட்சி. தட்டுகளும் கபாப் கம்பிகளுமாக வெயிட்டர்கள் மைக்கேல் கிட் அமைத்த நடனத்தில் சுழன்று பாய்கிறார்கள். திரை விலகியதும், ஐரீன் ஷாராஃப் வடிவமைத்த பொன்னிற உடையில் டாலி படியிறங்குகிறார். கீழே வாத்தியக் குழுவின் தலைவராக நிற்பவர் ஆம்ஸ்ட்ராங். ஒரு பாட்டுக்கு மட்டும் வந்து காட்சியையே தனதாக்கிக்கொள்கிறார். இவ்வளவு அழகிருந்தும் ஒரு குறை மறையவில்லை. பல ஆண்டு ஒதுங்கியிருந்த நடுவயது விதவை மறுபடி உலகுக்குள் வருவதாலேயே அந்தப் படியிறக்கம் பொருள் பெறுகிறது. படப்பிடிப்பின்போது ஸ்ட்ரைசாண்டுக்கு வயது 26. குரலும் நகைச்சுவை உணர்வும் அவருக்கு ஒப்பில்லாமல் வாய்த்திருந்தாலும், ‘திரும்பி வருதல்’ என்பதற்கான வயது அவரிடம் இல்லை. வைல்டர் டாலிக்குக் கொடுத்த ஆழத்தில் ஒரு பகுதி இதனால் படத்தில் கரைந்துபோயிற்று.

சிப்பந்திகளின் கதையோ படத்தில் சேதமில்லாமல் பிழைத்திருக்கிறது. கார்னீலியஸாக நடித்த மைக்கேல் கிராஃபோர்டின் கூச்சமும் துள்ளலும் நெஸ்ட்ராயின் வைன்பெர்லை நினைவூட்டக்கூடியவை. 2008இல் பிக்ஸாரின் ‘வால்-ஈ’, மனிதர் இல்லாத பூமியில் ஒரு ரோபோ இந்தப் படத்தைப் பார்த்துக் கைகோத்தலைக் கற்பதாகக் காட்டியபோது, அது எடுத்தாண்ட இரண்டு பாடல்களும் டாலியுடையவை அல்ல, கார்னீலியஸ் தரப்புப் பாடல்களே.

மேடை, டாலியின் வயதை மறக்கவில்லை. 1970இல், முன்பு மறுத்த எத்தல் மெர்மனே அறுபதைத் தாண்டிய நிலையில் பிராட்வே நாடகத்தின் கடைசி டாலியாக நடித்தார். அவருக்காக எழுதப்பட்டு நீக்கப்பட்டிருந்த இரண்டு பாடல்கள் அப்போது திரும்பச் சேர்க்கப்பட்டன. 2017இல் பிராட்வேயில் இந்நாடகம் மீண்டும் ஏற்றப்பட்டபோது டாலியாக நடித்த பெட் மிட்லருக்கு 71 வயது. அந்த வேடத்துக்காக அவர் டோனி விருது பெற்றார்.