ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து சைதாப்பேட்டைக்கு: வந்த ஆட்டங்களும் வராத ஆட்டமும்

கூடைப்பந்தும் கைப்பந்தும் சென்னைக்கு வந்தன. அமெரிக்கக் கால்பந்து வரவில்லை. விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொண்டதில்லை. ஆலன் குட்மன் 1994இல் வெளியிட்ட ‘கேம்ஸ் அண்ட் எம்பயர்ஸ்’ நூலின் செல்வாக்கு அதற்கு ஒரு காரணம் என நினைக்கிறேன். ஓர் ஆட்டம் நாடு விட்டு நாடு பரவுவதை அந்த ஆட்டத்தின் உள்ளியல்புகள் தீர்மானிப்பதில்லை, கொடுக்கும் நாட்டுக்கும் பெறும் நாட்டுக்கும் இடையிலான அரசியல், பொருளாதார, ராணுவ, பண்பாட்டு வலிமைகளின் ஏற்றத்தாழ்வே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அவர் முடிவு. கிரிக்கெட்டை வைத்துப் பார்த்தால் இது மறுக்க முடியாததாகத் தோன்றும். அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவர்களுடைய ஆட்டமே சேப்பாக்கத்தில் ஆடப்பட்டது.

ஆனால் குட்மன் கூடைப்பந்தையும் அமெரிக்கக் கால்பந்தையும் தனித்தனி இயல்களில் பார்க்கிறார். இரண்டையும் ஒரே ஊரில், ஒரே நிறுவனத்தின் கையில் வைத்துப் பார்த்தால் அவருடைய விதி தடுமாறுகிறது. சென்னைக்கு அமெரிக்க ஆட்டங்களைக் கொண்டுவந்தவர்கள் ஒய்.எம்.சி.ஏ.வினர். அவர்களுடைய பயிற்சிக் களம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த சிறிய கல்லூரி. அந்தக் கல்லூரியில் கூடைப்பந்து பிறப்பதற்கு முன்பே கால்பந்து அணி இருந்தது. ஆக, அனுப்பிய நாடும் நிறுவனமும் ஒன்றே. வந்து சேர்ந்த ஊரும் ஒன்றே. வலிமையின் அளவு இரண்டு ஆட்டங்களுக்கும் சமமாக இருக்கும்போது, ஒன்று வந்து மற்றொன்று வராததற்கு வலிமையைக் காரணமாகச் சொல்ல முடியாது. இந்தியாவில் ஆட்சி ஆங்கிலேயருடையது, எனவே அமெரிக்க ஆட்டம் நுழையவில்லை என்று குட்மன் தரப்பில் ஒருவர் வாதிடலாம். அப்படியானால் கூடைப்பந்தும் நுழைந்திருக்கக் கூடாது. ஒய்.எம்.சி.ஏ.வின் பண்பாட்டு வலிமையால் கூடைப்பந்து வந்தது என்று சொன்னால், அதே வலிமை கால்பந்தையும் கொண்டுவந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும், இரண்டு ஆட்டங்களையும் பிரித்துக் காட்ட அவர் கோட்பாட்டில் வழியில்லை.

எனவே ஸ்பிரிங்ஃபீல்டின் 1890ஆம் ஆண்டுப் பருவத்துக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரரான அமோஸ் அலோன்சோ ஸ்டாக் அந்த ஆண்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் முதல் கால்பந்து அணியைத் திரட்டினார். மாணவர்கள் சொற்பம், எதிரணிகளோ ஆள்பலம் மிக்க நியூ இங்கிலாந்துக் கல்லூரிகள். டிசம்பர் 12 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், கூரைக்கு அடியில், யேல் அணி ஒன்றோடு மோதி 16-10 என்ற கணக்கில்தான் ஸ்டாக்கின் பையன்கள் தோற்றார்கள். அந்த அணியின் சென்டர், கனடாவிலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித். அன்றைய விதிப்படி மூன்று முயற்சிகளில் ஐந்து கஜம் முன்னேற வேண்டும். முன்னோக்கிப் பந்தை எறிய அனுமதியில்லை. ஆட்டம் முழுவதும் நடுவில் நிற்பவர் உடம்பின் மேல்தான் நடக்கும்.

மறு ஆண்டு டிசம்பரில், குளிர்காலத்தில் கூடத்துக்குள் ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று உடற்கல்வித் துறைத் தலைவர் லூதர் கியூலிக் கேட்க, நெய்ஸ்மித் பதின்மூன்று விதிகளை எழுதினார். மூன்றாம் விதி: பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். ஐந்தாம் விதி தோளால் இடிப்பதையும், பிடித்து நிறுத்துவதையும், தள்ளுவதையும், கால் இடறிவிடுவதையும், அடிப்பதையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுக்கிறது. முதல் முறை செய்தால் ஃபவுல். இரண்டாம் முறை செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். காயப்படுத்தும் எண்ணம் தெரிந்தால் ஆட்டம் முழுவதும் வெளியே; மாற்று ஆளும் கிடையாது. கால்பந்தின் சென்டராக அடிபட்டவர் எழுதிய பட்டியல் இது என்பது வெளிப்படை. ஆகவே கூடைப்பந்து கால்பந்தின் வன்முறைக்கு மறுப்பாகப் பிறந்தது என்று எல்லோரும் மூன்றாம் விதியையும் ஐந்தாம் விதியையும் காட்டுகிறார்கள்.

என் கவனம் வேறொரு வரியின் மேல் விழுந்தது. 1892 ஜனவரி 15 அன்று பள்ளியின் ‘தி ட்ரையாங்கிள்’ இதழில் விதிகள் அச்சானபோது நெய்ஸ்மித் விளக்கமும் சேர்த்து எழுதினார். அணிக்கு எத்தனை பேர் என்பது தளத்தின் அளவைப் பொறுத்தது. பக்கத்துக்கு மூன்று பேரிலிருந்து நாற்பது பேர் வரை ஆடலாம் என்பது அதில் ஒரு குறிப்பு. முதல் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஒன்பது பேர் நின்றதற்குக் காரணம், வகுப்பில் பதினெட்டு மாணவர்கள் இருந்ததே. இதைத் தற்செயலான சலுகையாகப் பலர் கடந்துபோகிறார்கள். எனக்கு அது ஆட்டத்தின் ஆதாரக் குணமாகப் படுகிறது. கூடைப்பந்துக்கு எதிரணி வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. ஒரு வகுப்பைப் பாதியாகப் பிரித்தால் ஆட்டம் தயார். கால்பந்துக்கோ தேர்ந்த பதினொருவர், மாதக்கணக்கில் பயிற்சி, அதைவிட முக்கியமாக, அதே ஆட்டத்தை ஆடும் பக்கத்து ஊர்க் கல்லூரிகள் நான்கைந்து வேண்டும். 1890இல் ஸ்டாக்கால் அணி திரட்ட முடிந்ததென்றால், ரயிலில் ஒரு நாள் பயணத்துக்குள் எதிரணிகள் இருந்ததால்தான்.

வன்முறைதான் தடை என்ற வாதம் முழுதாகப் பொய்யல்ல. மாணவர்கள் வாழ்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஹாம்ப்டன் பூங்காவில்தான் 1892இல் ஹார்வர்டு அணி ஆப்பு வடிவில் பாய்ந்து யேலைத் தாக்கியது. அங்கேயே 1894இல் நடந்த ஆட்டம் அத்தனை ரத்தம் பார்த்ததால் இரு பல்கலைக்கழகங்களும் அடுத்த இரண்டு ஆண்டுகள் மோதிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி கால்பந்தைக் கைவிடவில்லை, இன்றும் ஆடுகிறது. முரட்டு ஆட்டம் என்பதற்காக ஒதுக்கியிருந்தால் முதலில் தன் மைதானத்திலிருந்து அல்லவா ஒதுக்கியிருக்கும்?

சென்னைப் பக்கமும் இதே விடைதான் கிடைக்கிறது. ஹாரி குரோ பக் 1919இல் வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் சைதாப்பேட்டை எல்லையில், நந்தனத்தில் நிலைகொண்ட அந்தக் கல்லூரிதான் தென்னாட்டின் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களைத் தயாரித்து அனுப்பியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் பக்தான். இந்திய ஆட்டங்களை அவர் புறக்கணித்தவர் அல்லர். சடுகுடுவுக்கும் உடற்கல்வியில் இடம் உண்டு என்று கருதியவர். சடுகுடுவில் நடப்பது என்ன? பாடிக்கொண்டு வருகிறவனைக் கணுக்காலில், இடுப்பில், தொடையில் பிடித்து, நாலைந்து பேராக மண்ணில் அமுக்குகிறார்கள். ஆளைப் பிடித்துச் சாய்க்கும் கலை தமிழ்ப் பையன்களுக்குக் கற்றுத்தரவேண்டிய புதுமையாக இருக்கவில்லை. சடுகுடுவும் கூடைப்பந்தைப் போலவே ஒரு தெருவையோ ஒரு வகுப்பையோ இரண்டாகப் பிரித்து ஆடக்கூடியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கூடைப்பந்து எப்போது வந்தது என்பதில் மட்டும் தெளிவில்லை. நெய்ஸ்மித்தின் முதல் வகுப்பில் இருந்த டங்கன் பேட்டன் 1894இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார் என்பது ஒரு மரபு. 1930தான் முதல் பதிவு என்பது மற்றொன்று. முதல் தேசியப் போட்டி 1934இல்தான். அந்த இரண்டு மரபுகளுக்கும் இடையிலான முப்பத்தாறு ஆண்டு இடைவெளியை எந்த ஊகத்தாலும் நிரப்ப நான் முயலவில்லை. ஆயினும், பேட்டன் மரபு உண்மையானால் அது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கும். போட்டி, கோப்பை, சங்கம் எதுவும் இல்லாமல் ஓர் ஆட்டம் பள்ளி முற்றங்களில் பத்தாண்டுக்கணக்கில் உயிர்வாழ முடியும் என்றால், பக்கத்துக்கு மூன்று பேர் போதும் என்ற அந்தச் சலுகையே அதற்கு மூச்சு. அமெரிக்கக் கால்பந்துக்கு அப்படியொரு தலைமறைவு வாழ்க்கை சாத்தியமில்லை.

ஜப்பான் என் வாதத்தைச் சோதிக்கும் இடம். ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக 1925இல் அங்கே சென்ற பால் ரஷ், 1934இல் அமெரிக்கக் கால்பந்தைத் தொடங்கிவைத்தார். ஒய்.எம்.சி.ஏ.வினர் இந்த ஆட்டத்தை வெளிநாடு கொண்டுபோகவே இல்லை என்று நான் சொல்லியிருந்தால் இங்கே தோற்றிருப்பேன். ஆனால் ரஷ் தொடங்கிய முறையைப் பார்க்க வேண்டும். ரிக்கியோ, வசேடா, மெய்ஜி என்று டோக்கியோவின் மூன்று பல்கலைக்கழகங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒரு லீக் அமைத்தார்; அமெரிக்காவில் பிறந்து படிக்க வந்திருந்த ஜப்பானிய மாணவர்கள் அணிகளில் இருந்தார்கள். ஆட்டத்தை மட்டும் இறக்குமதி செய்யாமல், எதிரணிகளையும் நாட்காட்டியையும் சேர்த்தே உண்டாக்கினார். முதல் பொது ஆட்டம் நவம்பர் 29 அன்று நடந்தது.

அதே நவம்பரில், 4ஆம் தேதி, சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தை ஆடின. மைசூர் 48, 59, சென்னை 130. ஏ.ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுக்க, ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. ஆட்டம் குறுகியது என்றாலும், அதன் பின்னால் பக்கத்துச் சமஸ்தானம் ஆண்டுதோறும் எதிரணியாக வரும் ஏற்பாடு நின்றது. பொங்கலுக்கு ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் ஆட்டம், கல்லூரிகளுக்கு இடையே ஹாக்கி, சங்கக் கால்பந்து என்று தென்னாட்டின் விளையாட்டு நாட்காட்டி அப்போதே நிரம்பியிருந்தது. பதினொருவர் கொண்ட இன்னோர் அணிக்கு அதில் இடம் தேட பக் முனைந்திருந்தால், மூன்று கல்லூரிகளையாவது வேறோர் ஆட்டத்திலிருந்து பிரித்தெடுத்திருக்க வேண்டும்.

குட்மனின் விதிக்கு மிகச் சாதகமான சோதனை அவர் நூல் வெளியான பிறகு நடந்தது. அமெரிக்கப் பணமும் கர்ட் வார்னர் போன்ற முன்னாள் நட்சத்திரங்களின் பெயரும் தொலைக்காட்சி ஒப்பந்தமும் சேர்ந்து 2011இல் ‘எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா’ அறிவிக்கப்பட்டது. பெங்களூருக்கும் கொழும்புக்கும்கூட அணிகள் இருந்தன. 2012இல் முதல் பருவத்தின் எட்டு அணிகளும் கொழும்பில் ஒன்றுகூடி ஆடின. புனே அணி வென்றது. ஆட்டங்கள் பதிவுசெய்யப்பட்டுப் பிறகு ஒளிபரப்பாயின. கொழும்பு அணியைத் தவிர, ஊர்ப் பெயர் தாங்கிய அணிகள் அந்தந்த ஊரில் ஆடவில்லை. பக்கத்து ஊர் அணி என்ற உறவே உருவாகவில்லை. வலிமை போதாமல் அந்த லீக் வேர்விடாமல் போனது என்று சொல்ல குட்மனுக்கே தயக்கம் இருந்திருக்கும்.